வினைச்சொல்லின் வால்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் சமவெளியில் ஜனவரி மாதத்து மூட்டம் இறங்கிவிட்டால், வானம் என்று ஒன்று இருந்ததே மூன்று நாளைக்கு மறந்துபோகும். வயலில் வெங்காயத்தாள் மாதிரி தடித்த லீக் தண்டு பிடுங்குகிறவர்களின் முதுகு மட்டும் அங்கங்கே மிதக்கும். டிராக்டரின் சத்தம் வரும், டிராக்டர் வராது.

டாங்குவோலேவுக்கு அந்த மூட்டம் பிடித்திருந்தது. கொட்டகைக்குள் நின்று லீக்கின் வேரை அறுத்து, மேல்தோலை உரித்து, பச்சை நுனியைக் கழித்துக் கழுவுதொட்டியில் போடுகிற வேலை அவளுக்கு. கை தன்பாட்டுக்கு ஓடும். தலை வேறெங்கோ கிளம்பிவிடும். வயது நாற்பத்துநான்கு. லிதுவேனியாவில், பனெவெஜிஸில் அவள் தைத்துக்கொண்டிருந்த ஆலையை மூடியபிறகு இங்கே வந்தவள். ஆறு வருஷம் ஆகிறது. இடுப்புவலி நிரந்தரம், நகக்கண்ணில் மண் நிரந்தரம், மற்றதெல்லாம் வந்துபோகிறது.

அவள் தலை கிளம்பிப் போகிற இடம் இங்கிலீஷ் வினைச்சொற்கள்.

லிதுவேனிய மொழியில், ஒரு வினை எந்தப் பக்கம் போகிறது என்பதை அதன் தலையிலேயே தொப்பி மாதிரி மாட்டிவிடுவார்கள். உள்ளே போனானா, வெளியே போனானா, போய் முடித்தானா என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும். இங்கிலீஷ்காரன் வினையை முதலில் அவிழ்த்துவிட்டு வாலைக் கடைசியில் காட்டுகிறான். கிவ் என்றால் கொடு. கிவ் அப் என்றால் கைவிடு. கிவ் இன் என்றால் பணிந்துபோ. வால் வருகிறவரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். வந்தபிறகும் பாதி நாள் புரியாது.

ஒருநாள் மேஸ்திரி ட்ரெவர், மெதுவாக வேலை செய்த ரொமுவால்தாஸைப் பார்த்து, காலுறையை மேலே இழுத்துவிடச் சொன்னான். ஒழுங்காக வேலை பார் என்பதற்கு அவர்கள் ஊரில் அப்படிச் சொல்வது வழக்கம். ரொமுவால்தாஸ் குனிந்து, பூட்ஸைக் கழற்றி, இரண்டு காலுறையையும் முழங்கால்வரை இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்றான். கொட்டகையே சிரித்தது. அவன் மட்டும் ஒரு வாரம் யாருடனும் பேசவில்லை. அதன்பிறகுதான் டாங்குவோலே எழுத ஆரம்பித்தாள். திங்கட்கிழமைதோறும் ஒரு தாள். இடதுபக்கம் இங்கிலீஷ், வலதுபக்கம் லிதுவேனியம். சாப்பாட்டறையில் மைக்ரோவேவுக்கு மேலே ஒட்டிவிடுவாள். இருபத்தைந்து பேர் சாப்பாடு சூடாகிறவரை அண்ணாந்து அதைத்தான் படித்தார்கள்.

அந்தப் புதன்கிழமை காலை அவளுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அங்கே நிற்பவன் அல்வீதாஸ். நாலு வருஷமாக அங்கேதான் நிற்கிறான். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'எஸ்', 'நோ ப்ராப்ளம்'. இடைவேளையில் கறுப்பு ரொட்டியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஒன்றும் சொல்லாமல் அவள் பக்கம் தள்ளிவைப்பான். அவளும் ஒன்றும் சொல்லாமல் தின்பாள். அதற்குமேல் அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேரும் தோண்டிப் பார்த்ததில்லை.

"அல்வீதாஸ் எங்க?" என்று எதிர்ப்பக்கம் நின்ற ஸ்தாசேயைக் கேட்டாள்.

"உனக்குத் தெரியாதா? நீதான் நேத்து லீவாச்சே. அவன வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. பையெல்லாம் கட்டிட்டான். பதினோரு மணி வண்டில ஊருக்குப் போறான்."

"நிறுத்திட்டாங்களா? எதுக்கு?"

"திங்கக்கிழம சாயங்காலம் எவனோ தொட்டிக் குழாயத் தெறந்து போட்டுட்டுப் போயிட்டான். விடியிறவரைக்கும் ஓடியிருக்கு. அட்டைப்பெட்டி அத்தனையும் கூழு. தரையெல்லாம் பனிக்கட்டி. நான் வழுக்கி விழுந்து உட்கார்ற எடம் இன்னும் வலிக்குது. மேஸ்திரி அல்வீதாஸப் புடிச்சு, நீயான்னு கேட்டிருக்கான். இந்த மகராசன் 'எஸ்'னுட்டான். வேறென்ன தெரியும் அவனுக்கு?"

டாங்குவோலேவின் கத்தி நின்றது.

திங்கட்கிழமை சாயங்காலம் தொட்டியடியில் கடைசியாக நின்றவள் அவள்தான். டர்ன் ஆஃப் என்ற சொல்லை அன்றைக்கு யோசித்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடுவதற்கு எங்கள் மொழியில் ஒரு சொல், விளக்கை அணைப்பதற்கு வேறு சொல், இவர்களுக்கு இரண்டும் ஒன்றுதானா என்று அந்தக் குழாயைப் பார்த்தபடியே யோசித்தாள். யோசித்துக்கொண்டே கையுறையைக் கழற்றினாள். யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

"காக்கா புடிச்சிட்டு நிக்காதடி, வெரல் போயிடும்" என்றாள் ஸ்தாசே. காக்கை பிடிப்பது என்றால் அவர்களிடத்தில் முகத்துதி இல்லை. வாயைப் பிளந்துகொண்டு கனவு காண்பது.

டாங்குவோலே கத்தியை வைத்துவிட்டு வெளியே போனாள். களத்தில், மூட்டத்துக்குள் ட்ரெவர் நின்றான். மஞ்சள் மேலங்கி தெரிந்தது, முகம் தெரியவில்லை.

"அல்வீதாஸ். ஏன் வேலை இல்லை?" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டாள்.

"அதத்தான் நானும் கேக்கறேன். எங்க தொலஞ்சான்? ஆள் பத்தாம முழிக்கிறேன்."

"நீங்கள் அவனை... போகச் சொன்னீர்கள்."

"நானா? எவ சொன்னது? 'லெட் யூ ஆஃப்'னு சொன்னேம்மா. போனாப் போவுது, இந்த ஒரு தடவ ஒண்ணும் செய்யலன்னு சொன்னேன். அவனும் தலைய ஆட்டிட்டுப் போனான்."

அவளுக்குப் போன மாதம் ஒட்டிய தாள் கண்முன்னே வந்தது. லெட் ஆஃப் என்பதற்கு எதிரே அவள் எழுதியது ஒரே ஒரு சொல்: அத்லெய்ஸ்தி. நாலு வரி தள்ளி, லே ஆஃப் என்பதற்கு எதிரேயும் அதே அத்லெய்ஸ்தி. இரண்டும் சரிதான். தேவாலயத்தில் மண்டியிட்டுக் கேட்டால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் மன்னிப்பு. ஆலை மூடும்போது கையில் கொடுக்கிற கடிதத்தில் வந்தால் வேலைநீக்கம். எது எந்த இடத்தில் வரும் என்று கூட ஒரு வரி எழுதத் தாளில் இடம் இருந்தது. கை வலித்தது, எழுதவில்லை. அல்வீதாஸ் விரலை வைத்துத் தேடியிருப்பான். கண்டுபிடித்திருப்பான். வேலை போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு, பேசாமல் போய்ப் பையைக் கட்டியிருப்பான்.

"குழாய்... நான். அவன் இல்லை, நான்" என்றாள்.

மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அப்புறம் ட்ரெவர் என்னவோ சொன்னான். 'க்ளியர் ஆஃப்' என்பது காதில் விழுந்தது. அதற்குப் பின்னால், என் மனசு மாறுவதற்குள் என்று வந்தது. க்ளியர் என்றால் சுத்தம். அதில் ஆஃப் ஒட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் நோட்டிலேயே அது இல்லை. முகத்தையாவது பார்க்கலாம் என்றால் முகமும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. மணி பத்து.

ஊர் வண்டி கிளம்புகிற பெட்ரோல் பங்குக்கு மூன்று மைல். வடிகாலை ஒட்டி நூல் பிடித்தமாதிரி ஓடுகிற சாலை. ரப்பர் பூட்ஸோடும் ஏப்ரனோடும் நடந்தாள். நடந்தவள் ஓடினாள், ஓடியவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்ப நடந்தாள். சாலை அவளுக்கு முன்னால் பத்தடி முளைத்து, பின்னால் பத்தடி அழிந்தது. நடக்கிறாளா, ஒரே இடத்தில் காலை மாற்றி மாற்றி வைக்கிறாளா என்று அவளுக்கே சந்தேகம். பீட்ரூட் அறுத்த வயலில் வெள்ளையாக மூட்டைகள் கிடந்தன. கிட்டே போனதும் ஒரு மூட்டை கழுத்தைத் தூக்கியது. அன்னங்கள். நூறு இருக்கும், இருநூறும் இருக்கும். மூட்டம் எங்கே முடிகிறது, அன்னம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்லமுடியவில்லை. இலைக்கழிவைத் தின்றபடி அவை தங்களுக்குள் மெல்லப் பேசிக்கொண்டன. அப், அவுட், ஆஃப், அவே என்று அவள் காதுக்குக் கேட்டது. தலையில்லாத வெறும் வால்கள். எந்த வினையிலிருந்தோ கழன்று, யாராவது வந்து ஒட்டிக்கொள்ளட்டும் என்று மூட்டத்துக்குள் அலைகிறவை. ஒரு நிமிஷம் அவளுக்கு எங்கே போகிறோம் என்பதே மறந்துபோனது. குளிர் காதைக் கடித்தது. நினைவு வந்தது. மறுபடி ஓடினாள்.

வெள்ளை வேன் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. வாராவாரம் ஊரிலிருந்து ரொட்டியும் தயிர்க்கட்டியும் புகைபோட்ட பன்றிக்கொழுப்பும் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, ஆளையும் பழைய சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகிற வேன். ஓட்டுநர் ஜெனோனாஸ் பின்கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். டாங்குவோலே கண்ணாடியை அடித்தாள். அல்வீதாஸ் எட்டிப்பார்த்தான். ஊருக்குப் போகிறதற்கென்று நல்ல சட்டையும் மெல்லிய தோல் ஷூவும் போட்டிருந்தான்.

"எறங்கு" என்றாள்.

"எதுக்கு?"

"உன்ன நிறுத்தல. மன்னிச்சிருக்கான். அந்தச் சொல்லுக்கு அதான் அர்த்தம். நான் எழுதுனது அரைகொற."

அவன் முகம் இறுகியது. "மன்னிச்சானா? எதுக்கு மன்னிக்கிறான்? நான் என்ன தப்புப் பண்ணேன்? நிறுத்தட்டும், போறேன். செய்யாத தப்புக்கு அவன்கிட்ட மன்னிப்பு வாங்கித் திங்கணுமா?"

"நீதான எஸ்னு சொன்ன!"

"சொன்னேன்."

"ஏன் சொன்ன? புரியாமயா?"

அவன் ஜன்னல் விளிம்பைத் தடவினான். "புரிஞ்சுதான் சொன்னேன். நீ கடைசியாப் போனத பாத்தேன். குழாயப் பாத்துட்டே நின்ன, ஏதோ பேசிட்டே போன. நானும் பின்னாலயே கெளம்பிட்டேன். நீ மூடியிருப்பன்னு நெனச்சேன்."

அவளுக்கு மூன்று மைல் ஓடிவந்த மூச்சு இப்போதுதான் வாங்கியது.

"நான் மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். நான்தான்னு" என்றாள் கடைசியில்.

"ஐயோ. என்ன சொன்னான்?"

"க்ளியர் ஆஃப்னான்."

"அப்டீன்னா?"

"தெரியல."

"உனக்கே தெரியலயா?"

"தெரியலன்னா தெரியல! என்னயும் நிறுத்திட்டானோ என்னவோ. போயிக் கேட்டாத்தான் தெரியும். தனியாப் போயிக் கேக்க எனக்குப் பயமா இருக்கு."

அல்வீதாஸ் அவள் ஏப்ரனைப் பார்த்தான், சேறு அப்பிய பூட்ஸைப் பார்த்தான். கதவைத் திறந்து இறங்கினான்.

"என்னய்யா, கூத்தா நடக்குது இங்க?" என்று ஜெனோனாஸ் வந்தான். "கப்பலப் புடிக்கணும் நான்."

"நான் வரல. என் பைய எறக்கு."

"பையா? அது அடில கெடக்குது. மேல நாலு சைக்கிள், ரெண்டு டிவி, ஒரு துணி தொவைக்கிற மெஷினு. எறக்கி ஏத்த ஒரு மணி நேரம் ஆவும். ஆளு வேணா நில்லு. பை ஊருக்குத்தான்."

"என் பூட்ஸு அதுலதான்யா இருக்கு!"

"உங்கம்மாகிட்ட குடுத்துர்றேன். அடுத்த வாரம் எடுத்தாரேன்."

வேன் கிளம்பியது. சிவப்பு விளக்கு இரண்டும் கொஞ்ச தூரம் தெரிந்தன. பிறகு அந்த இடத்தில் வெள்ளைதான் இருந்தது. இரண்டு பேரும் வந்த வழியே திரும்ப நடந்தார்கள். அல்வீதாஸின் தோல் ஷூவுக்குள் சேற்றுத்தண்ணீர் புகுந்து ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக்கென்றது. டாங்குவோலே சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். அவன் நடந்தபடியே போனை எடுத்து பனெவெஜிஸுக்குப் பேசினான்.

"அம்மா, நாளைக்கு ராத்திரி பை வருது, வாங்கி வச்சுக்க... இல்லம்மா, நான் வரல. பை மட்டும்... ஒண்ணும் ஆவல, நல்லாத்தான் இருக்கேன்... அட, பைக்குத்தாம்மா வேலை போச்சு, எனக்கில்ல... தெரியல, போய்த்தான் கேக்கணும்... யாரா? கூட வேலை செய்றவ... ஆமா, பக்கத்துலதான் நடந்து வர்றா."