நாகம்மா கையில் முதல் விதை

மாமியார் வெள்ளையம்மா தன்னிடம் கெஞ்சும் நாள் வரவேண்டும் என்று காவேரி வேண்டாத சாமி தளி ஊர்ப் பக்கத்தில் இல்லை. கடைசியில் வந்தே விட்டது.

"நாகம்மாவெ உன் டாக்டரம்மாகிட்ட கூட்டிகினு போடி. ஆவணியில அவ புருசனுக்கு வேற பொண்ணு கட்டறாங்களாம்."

நாகம்மா வெள்ளையம்மாவின் ஒரே மகள். காவேரிப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டு ஆறு வருஷமாகியும் வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. அழுது வீங்கிய கண்ணோடு வந்திருந்தாள்.

காவேரி மகனை மறு இடுப்புக்கு மாற்றினாள். பதில் சொல்ல அவளுக்கு அவசரமே இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், ராகிக்கொல்லையில் ஏர் பின்னால் விதை போட அவளும் கூடையைத் தூக்கினாள். ஊர் பார்க்க அதை வெள்ளையம்மா பிடுங்கினாள். "மலடி கை பட்டா மொளைக்குமா? போய் சாணி அள்ளுடி." அன்று அள்ளிய சாணியின் நாற்றம் காவேரியின் நெஞ்சை விட்டு இன்னும் போகவில்லை.

அந்த வாரமே அப்பன் வீட்டுக்குப் போனாள். அப்பன் பெங்களூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். கர்ப்பப்பையின் உள்சவ்வில் துளி எடுத்துச் சோதித்தார் அந்த அம்மாள். பிள்ளை தங்கவேண்டிய இடம் பதமாகவில்லை, அதற்கு உடம்பில் சுரக்கவேண்டியது சரியாகச் சுரக்கவில்லை, ஊசியில் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். எண்ணெய் மருந்து. இடுப்பில் குத்திய இடம் கட்டிக்கொண்டு நடக்க விடாது. மாதாமாதம் பல்லைக் கடித்துப் போட்டுக்கொண்டாள். பிள்ளை பிறந்த பிறகுதான் ஊசிக் கதையைச் சொன்னாள். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை.

"கூட்டிகினு போறேன் அத்தெ. நாளைக்கு வெதைப்பாச்சே? மொத வெதெக்கூடையெ ஊர் முன்னாடி நாகம்மா கையில நீங்களே குடுங்க. அது போதும்."

வெள்ளையம்மாவின் முகம் செத்துப்போனது. "அவ எதுக்குடி? உன் கையில குடுக்கறேன். உன் கால்ல வேணாலும் உழறேன்."

"எனக்கு வேணாம். அவதான் போடணும்."

மறுநாள் காலை ஏர் பூட்டி நின்றது. வரப்பெல்லாம் ஊர்ஜனம். வெள்ளையம்மா கூடையை நீட்டினாள், நாகம்மா பிடித்தாள். கிழவியின் விரல்கள் விளிம்பை விடவில்லை. ஒரு வருஷத்துக் கூழும் களியும் அந்த மண்ணில்தான் இருந்தது. பெற்ற மகளின் கையானாலும் அவளுக்கு அது மலட்டுக் கைதான்.

"விடும்மா."

விடவில்லை. நாகம்மா நிமிர்ந்து பார்த்தாள். மாமியார் வீட்டில் தினமும் பார்க்கிற அதே முகம் இங்கேயும் இருந்தது.

காவேரிக்கு வயிறு குளிர்ந்தது. கிழவிமேல் இரக்கம் வரும் என்று கொஞ்சம் பயந்திருந்தாள், நல்லவேளை, வரவில்லை. நாகம்மாவின் உதடு துடித்தபோதுதான் மனசை என்னவோ செய்தது.

"வா நாகம்மா, பஸ் வந்துடும்," என்றாள். "வெதெயெ உங்கம்மாவே போட்டுக்கட்டும்."

நாகம்மா கையை எடுத்தாள். பஸ் ஏறும்வரை அவள் தாயைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.