ஓரகத்தி வீட்டின் உயரம்

மூத்த மருமகள் தன் ஓரகத்தியின் வீட்டை மேலே உயர்த்திய வாரத்தில் தக்காளி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. அவள் வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். செயற்கைக்கோள் அனுப்பும் தகவலில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் அதன் உயரம் ஓர் எண்ணாக வரும். வானத்திலிருந்து பார்க்கும்போது பாலமும் தரையாகவே தெரிவதால், கணினித் திரையில் ஆறு பாலத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். பாலத்தின் எண்ணைக் குறைத்து ஆற்றைப் போகவிடுவதுதான் அவள் வேலை. பல வருடங்களாக அப்படி ஆறுகளுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தாள். ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அடுத்த தெருவிலிருந்த இளையவள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. சிரித்துப் பேசுவாள், அவ்வளவுதான். ஆனால் மூத்தவளின் கணவனுக்கும் மகளுக்கும் அந்த வீட்டில்தான் பசித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, “சித்தி கைப்பக்குவமே தனிம்மா” என்று மகள் வேறு சொல்லிவிட்டாள். மறுநாள் மூத்தவள் திரையில் ஓரகத்தியின் வீட்டைத் தேடிப்பிடித்து அதன் எண்ணைக் குறைத்தாள். மனசு ஆறுவதற்குத்தான் செய்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் அந்த வீடு நிஜமாகவே பள்ளத்தில் இருந்தது.

பள்ளத்தில் ஊற்று பொங்கி வாசலைச் சுற்றிக் குளம் கட்டியது. கொக்குகள் வந்தன, வேடிக்கை பார்க்கத் தெருவே திரண்டது, வந்தவர்களுக்கெல்லாம் இளையவள் டீ போட்டுக் கொடுத்தாள். மறுநாள் மூத்தவள் முதல் ஆளாக அலுவலகம் போனாள். இனி ஒருத்தரும் அங்கே போகக்கூடாதென்று எண்ணை ஏகத்துக்கு ஏற்றினாள். வீடு குளத்தை உதறிவிட்டு ஒரு குன்றின் உச்சிக்குப் போனது. சனங்கள் படி வெட்டிக்கொண்டு ஏறினார்கள். மேலே காற்று பிரமாதம் என்றார்கள். மூத்தவளின் கணவன் மூச்சு வாங்க ஏறிப்போய், விசிலடித்துக்கொண்டு இறங்கி வந்தான்.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது ஊரிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் பொறாமையில் அதை யோசிக்கவில்லை. மழைக்காலம் வந்ததும் குன்றிலிருந்து இறங்கிய வெள்ளமெல்லாம் நேராக அவள் வீட்டுக்குள் நுழைந்தது. கட்டில் மிதந்தது. உச்சியிலிருந்து இளையவள் கத்தினாள்: “அக்கா, எல்லாரும் மேல வாங்க! இங்க இடம் இருக்கு!”

வேறு வழியில்லாமல் மூத்தவள் ஏறினாள். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, “உனக்கு யார் மேலயும் எரிச்சலே வராதா?” என்று கேட்டாள்.

“ஏன் வராது? உங்க மேலதான்” என்றாள் இளையவள், உலையைப் பார்த்தபடி. “காலையில பைய மாட்டிக்கிட்டு கிளம்பிடுறீங்க. உங்களுக்குன்னு ஒரு மேசை, ஒரு நாற்காலி. நான் வர்றவங்களுக்கெல்லாம் வடிச்சுக் கொட்டிக்கிட்டே கிடக்கேன். சிரிக்கலன்னா அழுதுடுவேன்க்கா.”

அன்று மூத்தவள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

வெள்ளம் வடிந்தபின் செயற்கைக்கோள் மறுபடி அந்தப் பக்கம் வந்து, குன்று இருப்பதாகவே சொன்னது. “இது பிழையாம்மா?” என்று அதிகாரி கேட்டார். “இல்ல சார், சரியாத்தான் இருக்கு” என்றாள். தண்ணீர் தன் வீட்டைச் சுற்றிக்கொண்டு போக மட்டும் திரையில் ஒரு வாய்க்கால் போட்டாள். புதிய வரைபடத்தில் குன்று இடம்பெற்றது. அடிவாரத்தில் பேருந்து நிறுத்தம் வந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நிறுத்தம் இருந்தும், மூத்தவள் தினமும் அங்கே நடந்துபோய்த்தான் பேருந்து ஏறினாள். அவள் பையோடு நிற்பது இளையவளின் வாசலிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.