இரண்டரைச் சுற்று

பிளம்பருக்கு உலகத்திலேயே பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது ‘சித்தப்பா’. அவருடைய மகள் வாயிலிருந்து அது ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது விழும். சித்தப்பா சொன்னார், சித்தப்பா காட்டினார், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சித்தப்பாவுக்கு மூக்கிலேயே தெரியும். இருபது வயதுப் பெண்ணுக்கு, சொந்த அப்பன் ஒருவன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பது நினைவிருக்கிறதா என்று அவருக்குப் பல நாள் சந்தேகம்.

இந்தச் சித்தப்பா வேறு யாருமில்லை. அவர் மனைவியின் தங்கை புருஷன், அதாவது அவருடைய சகலை. படகுப் பட்டறையில் மெக்கானிக். வாழ்க்கையில் ஒரு கப்பலையும் ஓட்டியதில்லை, ஆனாலும் குடும்பமே அவனைக் ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிட்டது. பிளம்பரோ முப்பது வருடமாக நகரத்தில் பாதிப் பேர் நிம்மதியாகக் குளிக்கக் காரணமாக இருப்பவர். அவருக்கு யாரும் ஒரு பட்டமும் கொடுக்கவில்லை.

கேப்டன் போன வருடம் முப்பத்தைந்து வயதான பாய்மரப் படகு ஒன்றை வாங்கிப் பட்டறை மூலையில் முட்டுக்கொடுத்து நிறுத்தினான். அன்றிலிருந்து மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பட்டறைதான். தேய்ப்பாள், பெயின்ட் அடிப்பாள், தலையெல்லாம் தூசியோடு சிரித்துக்கொண்டே வருவாள்.

“வீட்டு சுவத்துக்கு பெயின்ட் அடிக்கச் சொன்னா மட்டும் கை வலிக்குது” என்றார் பிளம்பர் ஒரு நாள்.

“சுவரு எங்கயும் போகாதுப்பா” என்றாள் அவள்.

பொறாமை என்று இதை வெளியில் சொல்லிக்கொள்ள முடியுமா? பெற்ற பெண் விஷயத்தில், அதுவும் சொந்தச் சகலை மேல்? சொல்ல முடியாது. ஆனால் வயிறு எரிந்தது. சோடா குடித்தும் அடங்காத எரிச்சல்.

வாய்ப்பு தானாக வந்தது. இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிட்ட ஒரு மதியத்தில் கேப்டன் படகைப் பற்றிப் புலம்பினான். படகின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஐந்து ஓட்டைகள் இருக்கின்றனவாம். இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் எடுக்க ஒன்று, கழிப்பறைக்கு இரண்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஒன்று, மேல்தளத்தில் விழும் தண்ணீர் வெளியேற ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு குழாய், குழாயின் உள்முனையில் ஒரு வால்வு. உள்ளே ரப்பர் ஹோஸ் கிழிந்துபோனால் கடலுக்கும் படகுக்கும் நடுவில் நிற்பது அந்த வால்வு மட்டும்தான். ஐந்துமே உப்பேறி இறுகிவிட்டன. ஒன்றைத் திருப்பியபோது சக்கரம் கையோடு வந்துவிட்டது.

“அது முடிஞ்சா கிளம்பிடலாம். மூணு நாள், கரையை ஒட்டியே. நான், இவ சித்தி, இவ” என்று மகளைக் காட்டினான் கேப்டன்.

“வால்வு தானே, நான் மாத்தித் தரேன்” என்றார் பிளம்பர். யோசித்துச் சொன்னதல்ல, வாய் முந்திக்கொண்டது.

மகள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். “நெஜமாவாப்பா?”

அந்த ஒரு பார்வையை வைத்துக்கொண்டு அவர் மூன்று நாள் ஓட்டினார்.

கேப்டனுக்கும் மெய்யாகவே சந்தோஷம். “நீங்க போட்டா எனக்கு நிம்மதிண்ணே” என்று சொல்லி ஒரு சீட்டு எழுதினான். “வெண்கலம்தான் வாங்கணும். பித்தளைன்னா உப்புத் தண்ணி தின்னுடும். அடி அகலமா, படகோட சேத்து போல்ட் போடற மாதிரி இருக்கும். அப்புறம் மரை முக்கியம்ணே, வீட்டுக் குழாய் மாதிரி இல்ல…”

“எல்லாம் தெரியும்” என்று பிளம்பர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சீட்டு அந்த வாரமே துணியோடு துவைபட்டுக் கூழாகிவிட்டது. அவர் வருத்தப்படவில்லை. முப்பது வருடம் வால்வோடு குடித்தனம் நடத்தியவனுக்கு வால்வு வாங்கச் சீட்டா?

வழக்கமான கடைக்குத்தான் போனார். “படகுக்கா? படகு சாமானுக்குன்னு தனிக் கடை இருக்கே” என்றார் கடைக்காரர். “வால்வுன்னா வால்வுதான், தண்ணிக்கு வீடும் தெரியாது கடலும் தெரியாது” என்றார் பிளம்பர். பித்தளையைத் தொடவில்லை. அதில் ஏமாற அவர் முட்டாள் இல்லை. முதல் ஞாயிறு பழைய வால்வுகளை அறுத்து எடுத்தபோது பித்தளை செம்பு நிறமாகி, நகத்தால் கீறினாலே உதிர்ந்ததைக் கண்ணால் பார்த்திருந்தார். நல்ல கனமான வெண்கல வால்வாக, கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் மூடிக்கொள்ளும் வகையாக ஆறு வாங்கினார். ஐந்து வேலைக்கு, ஒன்று கையிருப்புக்கு. ஓட்டைக்குள் நுழைக்கும், வெளிமுனை காளான் போல விரிந்த குழாய்களை கேப்டன் முன்பே வரவழைத்து வைத்திருந்தான், அதுவும் ஆறு.

இரண்டு ஞாயிறு வேலை. கூட நிற்கிறேன் என்ற மகளை, “நீ நின்னா எனக்கு கை ஓடாது” என்று விரட்டிவிட்டார். அசல் காரணம் அதுவல்ல. பழைய வால்வோடு மல்லுக்கட்டி, வியர்த்து, திட்டிக்கொண்டிருக்கும் அப்பாவை அவள் பார்க்க வேண்டாம். முடித்து, துடைத்து, பளபளவென்று காட்ட வேண்டும்.

பழைய குழாய்களைத் தட்டி எடுத்தார். ஓட்டையின் விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். புதுக் குழாய்களைப் பசை வைத்து இறுக்கினார். குழாயின் உள்முனையில் இருக்கும் திருகு வரிகளில், அந்த மரையில், வெள்ளை டேப் சுற்றி வால்வை ஏற்றினார். இரண்டரைச் சுற்று போனதும் வால்வு இறுகி நின்றது. பெரிய ரெஞ்சை மாட்டி ஒரு தம் கொடுத்தார். அசையவில்லை. புதுச் சாமான் கெட்டியாகப் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை கிரேன் படகைத் தண்ணீரில் இறக்கியது. ஒரு சொட்டு கசியவில்லை. மகள் தரைப்பலகையைத் தூக்கி ஐந்து வால்வையும் போட்டோ எடுத்து, “எங்க அப்பா போட்டது” என்று சிநேகிதிகளுக்கு அனுப்பினாள். கேப்டன் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிளம்பர் அன்று வீட்டுக்கு நடந்தே வந்தார். பேருந்தில் ஏறினால் அந்தச் சந்தோஷம் சீக்கிரம் முடிந்துவிடும் போலிருந்தது.

முடிந்தது மறுநாள்தான்.

செவ்வாய்க்கிழமை ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் தொட்டிக்கு வால்வு மாற்றிக்கொண்டிருந்தார். கை தன் பாட்டுக்கு எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, அப்புறம் இறுக்கம். ஐந்து சுற்று. எப்போதுமே ஐந்துதான். கை நின்றுவிட்டது. படகில் இரண்டரை.

மிச்சமிருந்த வால்வும் காளான் குழாயும் பையில்தான் கிடந்தன. எடுத்து ஒன்றில் ஒன்றைத் திருகினார். இரண்டரையில் நின்றது. கழற்றிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். வீட்டு வால்வின் மரை உள்ளே போகப் போகச் சிறுத்துக்கொண்டு போகிறது. படகுக் குழாயின் மரை நேராக இருக்கிறது. இரண்டும் வாய்ப் பக்கம் கொஞ்சம் கவ்வி, இறுகிவிட்டது போல நடிக்கின்றன. அகல அடியும் இல்லை, போல்ட்டும் இல்லை. நல்ல அலையில் ஒரு பெட்டி உருண்டு மோதினால் போதும், வால்வு பிய்ந்துவிடும். கடல் உள்ளே வரும், கைமணிக்கட்டுப் பருமனுக்கு.

உடனே போன் செய்திருக்கலாம். எண்ணைக்கூட எடுத்தார். ‘கேப்டன்’ என்று அதில் மகள்தான் பதிந்து கொடுத்திருந்தாள். அவனிடமா? சீட்டு எழுதிக் கொடுத்தவனிடமா? “மரை முக்கியம்ணேன்னு சொன்னேனே” என்று அவன் சொல்லமாட்டான், அது தெரியும். அதைச் சொல்லாமல் “பரவால்லண்ணே” என்பான். அதுதான் தாங்காது. சனிக்கிழமைதானே கிளம்புகிறார்கள், நாளைக்கு மகளிடமே சொல்லிக்கொள்ளலாம் என்று போனைப் பையில் போட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் சொல்லத் தயாராக வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மகள் முழங்கை வரை கறுப்பாக வந்தாள். “இன்னிக்கு சித்தப்பாகூட செம வேலைப்பா” என்றாள். அவ்வளவுதான், சொல்ல வந்ததை விட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார். சாப்பிடும்போது அவளே கேட்டாள், “படகைப் பத்தி ஏதாவது யோசிச்சீங்களாப்பா?”

“அதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார்.

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். வியாழனன்று, வெள்ளிக்குள் சொல்லிவிடலாம் என்றிருந்தார். வெள்ளியன்று அவள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். “மூஞ்சி ஏன் இப்படி இருக்கு, உடம்பு சரியில்லையா?” என்று மனைவி கேட்டாள். “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றார்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் படகு கிளம்ப வேண்டும். எட்டரைக்கு பிளம்பர் படகுத்துறையில் மூச்சிரைக்க நின்றார், கையில் அந்தப் பை.

கேப்டன் மேலே பாய்க் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். கொழுந்தியாள் தண்ணீர்க் கேன்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். யாரிடமும் பேசாமல் நேராக உள்ளே இறங்கித் தரைப்பலகையைத் தூக்கினார்.

அவர் வால்வு அங்கே இல்லை. அகல அடியோடு, மூன்று போல்ட்டோடு, வேறு வால்வு உட்கார்ந்திருந்தது. அடுத்த பலகையைத் தூக்கினார். அங்கேயும் அதுதான்.

“மாத்திட்டோம்பா” என்றாள் மகள், பின்னால் வந்து நின்று. “செவ்வாக்கிழமை நான்தான் பாத்தேன். குழாயில பாதி மரை வெளியிலயே இருந்துது. புதன்கிழமை மறுபடி கிரேன்ல தூக்கி அஞ்சையும் மாத்திட்டோம்.”

பிளம்பர் குனிந்தபடியே இருந்தார். புதன்கிழமை. அந்தக் கறுப்புக் கை.

“உங்ககிட்ட சொல்லவே வேண்டாம், அண்ணன் மனசு கஷ்டப்படும்னார் சித்தப்பா.”

அவன் நல்லவனாக இருந்து தொலைப்பதுதான் எப்போதும் தொல்லை. கொஞ்சம் கெட்டவனாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

“நான் என்ன சொன்னேன் தெரியுமா?” மகள் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். “எங்க அப்பாவே கண்டுபிடிச்சிடுவார், கண்டுபிடிச்ச நிமிஷம் ஓடி வருவார்னு சொன்னேன். சித்தப்பா நம்பல. இப்ப பாருங்க, வந்துட்டீங்க.”

அவள் முகத்தைப் பார்த்தார். சித்தப்பாவைப் பற்றிப் பேசும்போது வருகிற முகம் அது. இத்தனை நாள் பக்கத்திலிருந்து வேடிக்கை பார்த்த முகம், முதல் தடவையாக அவருக்கு நேராக இருந்தது.

“எப்போப்பா தெரிஞ்சுது?”

மேலே கயிற்றுச் சத்தம் நின்றுவிட்டது. கேப்டன் கேட்டுக்கொண்டிருக்கிறான். ‘இன்னிக்குக் காலைல’ என்றால் முடிந்தது. ஜெயித்துவிடலாம், அதுவும் அவன் காது கேட்க. ஆனால் அந்த முகம், தெரிந்த நிமிஷமே ஓடி வந்த ஓர் அப்பாவுக்கானது. அப்படி ஒருவன் அவர் வீட்டில் இல்லை. பொய் சொன்னால் இனிமேல் காலம் முழுக்க அந்த இல்லாத அப்பாவைப் பார்த்தும் வயிறு எரிய வேண்டும்.

“செவ்வாக்கிழமை” என்றார்.

அவள் எண்ணுவது தெரிந்தது. “அப்போ புதன்கிழமை நான் கேட்டப்ப…”

“தெரியும்.”

“இதுல நான் போறேன்னும் தெரியும்.”

“தெரியும்மா.”

“ஏம்பா சொல்லல?”

“அவன் முன்னாடி தோத்துப் போக மனசு வரல.”

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. இரண்டு பலகையையும் எடுத்து அதனதன் இடத்தில் வைத்துக் காலால் அழுத்தினாள். “இறங்கிக்கோங்கப்பா. காத்து மாறறதுக்குள்ள கிளம்பணும்” என்றாள்.

அவர் துறையில் இறங்கி நின்றார். கயிற்றை அவிழ்க்கக் குனிந்த கேப்டன், அண்ணனே அவிழ்க்கட்டும் என்பதுபோல் அதை அவர் பக்கம் நீட்டினான். மகள் இடையில் வந்து வாங்கி, அவளே அவிழ்த்தாள். படகு விலகிப் போனது. கேப்டன் கையசைத்தான், கொழுந்தியாள் கையசைத்தாள். மகள் பாயை ஏற்றுவதில் மும்முரமாக இருந்தாள்.