பாப்பா வீட்டு ஸ்பேர் சாவி

பூட்டுக்காரரின் கடையில் இலவசமாகக் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான்: "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுப்பு கிடையாது" என்ற உபதேசம். சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவருக்கு முப்பது வயதுக்குக் கீழே என்றால் அதைக் கேட்காமல் போக முடியாது. முப்பதைத் தாண்டியவர் என்றால், "விடுங்க, ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று ஆறுதல் சொல்லி அனுப்புவார். குற்றம் ஒன்றுதான், தீர்ப்பு மட்டும் ஆளின் வயதைப் பார்த்து வரும்.

உபதேசத்துக்கு உதாரணமும் கைவசம் இருந்தது. அவருடைய மகள். வயது இருபத்தைந்து, கூப்பிடுவது பாப்பா என்று. "எங்க வீட்டுப் பாப்பா இதுவரைக்கும் இருபத்தேழு சாவி தொலைச்சிருக்கா" என்பார், ஏதோ இருபத்தேழு பதக்கம் வாங்கியவளைப் பற்றிச் சொல்வது போல. பென்சில் பெட்டிச் சாவியில் ஆரம்பித்த கணக்கு அது. டைரிக்குப் போட்ட சுண்டு விரல் அளவுப் பூட்டு, சைக்கிள், விடுதி அறை, ஸ்கூட்டர் என்று வளர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பேர் சாவி வீட்டுக் கூடத்தில் பலகையில் கொக்கி போட்டுத் தொங்கியது. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் போதும், மனிதர் பாதிச் சோற்றில் எழுந்து சாவியோடு ஓடுவார். இருபத்தேழு தடவை தொலைத்தது அவள். இருபத்தேழு தடவை ஓடியது யார் என்று கடையில் யாரும் கேட்கவில்லை. வீட்டில் மனைவி கேட்டாள். மனைவி கேட்டால் அது கேள்விக் கணக்கில் வராது என்பது அவர் கொள்கை.

அவர் ஓடியதற்கும் காரணம் உண்டு. அவருடைய அப்பா எட்டு மணி அடித்ததும் தாழ்ப்பாள் போடுகிறவர். எட்டே கால் ஆனாலும் மாடிப்படிதான் படுக்கை, தட்டினால் திறக்க மாட்டார். ஒன்பது வயதில் அந்தப் படியில் உட்கார்ந்து அழுதவர், தனக்கென்று ஒரு பிள்ளை பிறந்தால் அது ஒரு நாளும் மூடிய கதவுக்கு முன்னால் நிற்கக் கூடாது என்று முடிவு செய்தார். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தை எந்த வயதில் நிறுத்துவது என்றுதான் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இப்போது பாப்பா வேலை செய்யும் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இரண்டாவது மாடியில் தனி வீடு பிடித்துவிட்டாள். பூட்டுக்காரர் அன்றைக்கே பலகையில் இருபத்தெட்டாவது கொக்கியை அடித்து, "பாப்பா வீடு" என்று சீட்டும் ஒட்டிவிட்டுக் கையை நீட்டினார்.

"தர மாட்டேம்ப்பா" என்றாள் மகள்.

"ஏன்?"

"ஒரு மாசம். நான் கூப்பிடாம நீங்க வரக் கூடாது. என் வீட்டுப் பூட்டுல கை வைக்கக் கூடாது. ஒரு மாசம் தாங்கிட்டீங்கன்னா நானே ஒரு சாவி கொண்டுவந்து அந்தக் கொக்கியில மாட்டறேன். வாக்கு?"

"வாக்கு" என்றார். குரலில் கம்பீரம் இருந்தது. அந்தக் கம்பீரம் நான்கு நாள் தாங்கியது.

முதல் மூன்று நாளும் அவர் வாய் சோற்றில் இருந்தாலும் கண் அந்தக் காலிக் கொக்கியிலேயே இருந்தது. நான்காவது நாள் மதியம் இரண்டு மணிக்கு, அடுப்பை அணைத்தாளோ இல்லையோ என்ற கவலை திடீரென்று தலைக்கு ஏறியது. மகளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அது மட்டும் ஏனோ தோன்றவில்லை. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாசல் பூட்டு வீட்டுக்காரர் போட்ட பழைய பூட்டு, கதவைச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் ரகம். நாற்பதே விநாடியில் திறந்துவிட்டார். திறந்த பிறகு, நாற்பது விநாடியில் திறக்கிற பூட்டை நம்பியா என் பொண்ணு தூங்குகிறாள் என்று கோபம் வேறு வந்தது.

பையையும் போனையும் சமையல் மேடையில் வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அடுப்பு அணைந்திருந்தது. பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. குழாய் சொட்டவில்லை. துணி மடித்திருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தால் காய்கறி, அதுவும் வாடாத காய்கறி. பூட்டுக்காரருக்கு முகம் வாடிவிட்டது. பொறுப்பில்லாத தலைமுறை குடியிருக்கிற வீட்டில் ஒரு குறைகூடவா இருக்காது? வந்ததற்கு ஒரு திருகாணியையாவது முடுக்கிவிட்டுப் போகலாம் என்று தேடித் தேடி, கடைசியில் பால்கனிக் கதவுக்கு வந்தார்.

அங்கே புதுப் பூட்டு. நல்ல பூட்டு. அதைவிட அதை மாட்டியிருந்த விதம் அவரை நிறுத்தியது. நான்கு திருகாணிகளின் தலைக் கோடுகளும் மேலிருந்து கீழாக நேரே நின்றன. முடுக்கிய பிறகு கோட்டை நேராக்கி நிறுத்துவது பூட்டுக்கு எந்தப் பலமும் தராது. அது மாட்டுகிறவனின் கர்வம், அவ்வளவுதான். "யாரோ தேர்ந்த ஆளுதான்" என்று பாராட்டினார். பாராட்டினால் போதாது, சோதித்தும் பார்க்க வேண்டுமே. பூட்டை உள்ளேயிருந்து பார்த்துத் திருப்திப்படுகிறவன் குடித்தனக்காரன், வெளியே நின்று பார்க்கிறவன்தான் பூட்டுக்காரன் என்பது அவர் தொழிலில் வேதவாக்கு. எனவே பால்கனிக்குப் போய், கதவை இழுத்துச் சாத்தினார்.

டக்.

தள்ளினார். ஆட்டினார். தோளைக் கொடுத்தார். பூட்டு அசையவில்லை. வெளிப்பக்கம் பிடி கிடையாது, ஒரு சாவித் துவாரம் மட்டும். சோதனையில் பூட்டு முழு மதிப்பெண் வாங்கிவிட்டது. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சமையல் மேடையில், கருவிப் பையும் போனும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"யாருங்க அது?" என்று குரல் வந்தது.

ஒரு கை தூரத்தில் அடுத்த வீட்டுப் பால்கனி. கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு தையல்காரம்மா நின்றாள். அவர் வயதுதான் இருக்கும்.

"இந்த வீட்டுப் பொண்ணோட அப்பாங்க."

"திருட வந்தவனும் அப்படித்தான் சொல்லுவான். அந்தப் பொண்ணோட அப்பா பூட்டு ரிப்பேர்காரராச்சே."

"நான்தாங்க அது."

தையல்காரம்மா மூடிய கதவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திரும்பக் கதவைப் பார்த்தாள். "அப்படியா" என்றாள். அந்த ஒரு சொல்லில் பூட்டுக்காரரின் முப்பது வருடத் தொழில் மானம் கப்பலேறியது.

"ஸ்பேர் சாவி என்கிட்டதான் இருக்கு" என்றாள் பிறகு.

"உங்ககிட்டயா கொடுத்தா?"

"கொடுக்கும்போதே சொன்னா. எங்கப்பா வந்து கேப்பாரு, கொடுக்காதீங்கன்னு. ஒரு வாரமாவது தாங்குவாருன்னு சொன்னா. பாவம், உங்களை ரொம்ப நம்பிட்டா போல."

பூட்டுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அம்மா, ஒரு உதவி பண்ணுங்க. சத்தமில்லாம திறந்து விட்டுருங்க. ஒரு மாசம் வராம இருந்தா எனக்கும் ஒரு சாவி தர்றேன்னு சொல்லியிருக்கா. நான் வந்தது தெரிஞ்சா அந்தச் சாவி எனக்குக் கிடைக்கவே கிடைக்காது."

"நான் அவளுக்கு வாக்கு கொடுத்திருக்கேன். இந்தக் காலத்து அப்பாக்களுக்குத்தான் வாக்குன்னா என்னன்னே தெரியல" என்று சொல்லிவிட்டு, அவர் முன்னாலேயே மகளுக்குப் போன் போட்டாள்.

மகளின் குரல் நிதானமாக வந்தது. "எனக்கு நாலு மணிக்கு வேலை முடியும் ஆன்ட்டி. அதுவரைக்கும் அங்கேயே இருக்கட்டும். கொஞ்சம் தண்ணி மட்டும் கொடுங்க. மேல வெயில் பட்டா உள்பக்கமா நகரச் சொல்லுங்க."

செடியைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. தையல்காரம்மா தண்ணீரை நீட்டினாள். கூடவே ஒரு மூட்டைச் சட்டையும் சின்னக் கத்தரியும். "சும்மாத்தானே நிக்கிறீங்க. பிசிறு நூலை எல்லாம் வெட்டிக் கொடுங்க." நாலரை மணிக்கு மகள் வந்து கதவைத் திறந்தபோது அவர் ஏழாவது சட்டையில் இருந்தார்.

மகள் திட்டவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வேடிக்கை பார்க்கத் தையல்காரம்மாவும் தன்னிடமிருந்த ஸ்பேர் சாவியை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்து, அதை மேடையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தப்புச் செய்தவன் முந்திக்கொண்டு பேசுவது உலக வழக்கம். "இருபத்தேழு சாவி தொலைச்சவ நீ. உன்னை நம்பி ஒரு வீட்டை எப்படி விடறது?" என்று ஆரம்பித்தார்.

"அப்பா, ஆஸ்பத்திரியில என் வேலை என்ன?"

"மருந்துக் கிடங்குல... எழுதற வேலை."

"அங்க அறுபத்து நாலு அலமாரி இருக்கு. ரெண்டு வருஷமா அத்தனை சாவியும் என் பொறுப்புலதான். ஒண்ணுகூட தொலைஞ்சதில்ல."

"அதெப்படி?"

"அங்க ஸ்பேர் கிடையாதுப்பா."

பூட்டுக்காரர் மேடையில் சாய்ந்துகொண்டார். பாதிச் சோற்றில் எழுந்து ஓடிய இருபத்தேழு மதியங்களும் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு தடவையும் ஜெயித்துவிட்டு வந்ததாகத்தான் அவர் நினைத்திருந்தார். அவமானமாக இருந்தது. அந்த அவமானத்துக்கு நடுவில், அறுபத்து நாலு என்ற எண் லேசாகப் பெருமையாகவும் இருந்தது.

"அந்தப் பால்கனிப் பூட்டு..." என்றார் மெல்ல. "மாட்டினது யாரு? நல்ல கை."

"நான்தான். கடைசியில கோட்டை நேரா நிறுத்தறது உங்க பழக்கந்தானே. சின்ன வயசுல கடையில உக்காந்து பாத்திருக்கேன்."

இதற்கு மேல் அங்கே நின்றால் அழுதுவிடுவோம் என்று பயந்து, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வழியனுப்ப மகள் வந்தாள். இத்தனை நேரம் பார்த்துவிட்டுக் கடைசிக் காட்சியை விடுவானேன் என்று தையல்காரம்மாவும் வந்தாள். திறந்து கிடந்த பால்கனி வழியாக ஒரு காற்று அடித்தது. வாசல் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மூன்று பேரும் கதவைப் பார்த்தார்கள். மகளின் சாவி உள்ளே மேசையில். ஸ்பேர் சாவி உள்ளே மேடையில்.

'இந்தக் காலத்து...' என்று பூட்டுக்காரரின் தொண்டை வரை வந்துவிட்டது. ஸ்பேரை உள்ளே வைத்தது தன் வயதுக்காரி, பால்கனிக் கதவு திறந்து கிடந்ததற்கே காரணம் தான்தான் என்பது உறைத்ததும் அப்படியே விழுங்கினார்.

"காத்து" என்றாள் தையல்காரம்மா.

மகள் அவருடைய பையைப் பார்த்தாள். "அப்பா, எத்தனை நேரத்துல திறந்தீங்க?"

"நாப்பது செகண்டு."

"அப்புறம் என்ன?"

கை பைக்குள் போகத்தான் போனது. பாதியில் நின்றது. "உன் வீட்டுப் பூட்டுல கை வைக்க மாட்டேன்னு வாக்கு கொடுத்திருக்கேன்" என்றார். பையை அவளிடம் நீட்டிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டார்.

அவளுக்குப் பதினொரு நிமிடம் ஆயிற்று. கம்பி இரண்டு தடவை கீழே விழுந்தது. மூன்று தடவை அவர் வாய் திறந்தது. மூன்று தடவையும் தையல்காரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டது. எது நடக்கக் கூடாது என்று ஒன்பது வயதில் சபதம் செய்தாரோ அது கண் முன்னால் நடந்தது. அவர் பிள்ளை மூடிய கதவுக்கு முன்னால் நின்றாள். ஆனால் அழவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தபடி குடைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

டக் என்று திறந்தது.

"ஒரு மாசத்துல நாலு நாள் போச்சு. மிச்சம் இருபத்தாறு நாள்தானே?" என்று கேட்டுப் பார்த்தார், எழுந்து.

"நாளையில இருந்து முப்பதுப்பா."

பேரம் பேசாமல் பையை வாங்கிக்கொண்டு இறங்கினார். உண்மையாகவே மனசு லேசாக இருந்தது. தெருமுனை வரை போனவர் சட்டைப் பையைத் தொட்டார். கால் சட்டைப் பையைத் தொட்டார். போன் சமையல் மேடையிலேயே இருந்தது.

திரும்ப ஏறினார். கதவு சாத்தியிருந்தது. கையில் கருவிப் பை இருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, மகள் வீட்டுக் கதவின் அழைப்பு மணியை முதல் தடவையாக அழுத்தினார்.

"யாரு?"

"அப்பா."

"கூப்பிடவே இல்லையே?"

"போனை வெச்சிட்டுப் போயிட்டேன்."

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு மகளின் குரல், "இருங்கப்பா, சாவியைத் தேடறேன்."

அந்தக் கதவை உள்ளேயிருந்து திறக்கச் சாவி வேண்டாம் என்பது பூட்டுக்காரருக்குத் தெரியும். "மெதுவாத் தேடும்மா" என்று சொல்லிவிட்டு நின்றார்.