செருப்போடு தொட்ட குழாய்

சங்கரன்கோவிலில் நான்கு வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்துக்கு மொட்டை மாடி ஒன்றுதான், நான்கு பேருக்கும் பொது. தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்ற கோமதிசங்கர் யாரையும் கேட்காமல் அங்கே தன் வீட்டுக்குச் சோலார் பலகைகளை ஏற்றிவிட்டார்.

முதல் மாடி சுகிர்தா மட்டும் கேட்டாள். "பொது மாடியில போட எங்க சம்மதம் வேண்டாமா அண்ணாச்சி?"

"சூரியன் என்ன உங்க வீட்டுச் சொத்தாம்மா?"

மற்ற வீட்டார் சிரித்தார்கள். பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் அவரிடம் போய் நின்றவர்கள். அவர் தும்மினாலும் சிரிப்பார்கள் என்று பாத்திரக்கடை நடத்தும் சுகிர்தாவுக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை, கீழ்வீட்டு மீனலோசினி முற்றத்துக் குழாயைத் திறந்தவள் அலறிக்கொண்டு விழுந்தாள். கை மரத்துப்போனது. சுகிர்தா மாடிக்கு ஓடிப் பார்த்தாள். மண்ணுக்குள் இறங்க வேண்டிய எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் முறுக்கி விட்டிருந்தார்கள். சோலார் சுவிட்சை அணைத்தாள்.

கோமதிசங்கர் கத்திக்கொண்டே வந்தார். "யாரைக் கேட்டு ஆஃப் பண்ணுனீங்க?"

"குழாயில ஷாக் அடிக்கி அண்ணாச்சி."

"அவ கை ஈரமா இருந்திருக்கும். ஆன் பண்ணிட்டு வாரேன், நானே தொட்டுக் காட்டுதேன்."

எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள். அவர் மேலே போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டு, வீட்டுக்குள் நுழைந்து தடித்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு மரப்பலகையை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, ஒற்றை விரலால் குழாயைத் தொட்டார்.

"பாத்தீங்களா?"

"செருப்பைக் கழத்திட்டு, ஈரத் தரையில நின்னு தொடுங்க," என்றாள் சுகிர்தா.

"எதுக்கு? அதான் தொட்டாச்சுல்லா?"

"அப்ப உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

அதுவரை அவரைத் திமிர்பிடித்த மடையர் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தெரிந்தே மீனலோசினியை மறுபடியும் அந்தக் குழாய்க்கு அனுப்பத் துணிந்த ஆள் என்பது இப்போதுதான் புரிந்தது. கோபம்கூட வரவில்லை. ஊசிப்போன சாம்பாரைத் திறந்ததுபோல முகம் தானாகத் திரும்பிக்கொண்டது. மேலே போய் சுவிட்சை மறுபடி அணைத்தாள்.

திங்கட்கிழமை மின்வாரிய அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். அதிகாரி வந்து பார்த்தார். மண்ணில் தனிக் குழி தோண்டி எர்த் இறக்க வேண்டும், எல்லா வீட்டாரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், அதுவரை இணைப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்.

கோமதிசங்கர் முதலில் மீனலோசினியிடம்தான் போனார். அவள் எளிதில் மசிவாள் என்ற நினைப்பு.

"குழியைத் தோண்டிக் கம்பியை மாத்துங்க. பொறவு பேசுவோம்," என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்த்தே.

வேறு வழியில்லாமல் தோண்டினார். அதிகாரி சோதித்துச் சரி என்ற பிறகு ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டார்கள். கடைசியாகச் சுகிர்தாவின் வாசலில் வந்து நின்றார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்கம்மா."

"வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றபடி அவள் கையெழுத்துப் போட்டாள். "கம்பி மண்ணுக்குள்ள போயிருச்சு, அதுக்குத்தான் இது. உங்களுக்கு இல்ல."

தாளை நீட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.