பூஜையில் வைத்த பிரஷ்கள்

எழுபத்து மூன்றாம் வருஷத்துச் சரஸ்வதி பூஜையன்று கல்கத்தாவின் பெஹாலா பகுதி வீட்டில் அப்பா, மகள் விசாலத்தின் டைப்ரைட்டருக்குச் சந்தனம் குங்குமம் இட்டு அம்பாள் படத்தின் முன் வைத்தார். தெருமுனைத் துர்கா பந்தலில் மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது.

விசாலம் டைப்ரைட்டரை அப்படியே தூக்கி நாற்காலியில் வைத்தாள். அந்த இடத்தில் தன் பிரஷ்களையும், குழந்தைகளுக்காக அவளே எழுதிப் படம் வரைந்த புத்தகத்தையும் வைத்தாள். பிடித்த வேலையைத் தேடி ஊரெல்லாம் அலையும் ஒரு சிறுமி, கடைசிப் பக்கத்தில் டிராம் ஓட்டுகிற கதை அது.

“பொண்ணு டிராம் ஓட்டறதாவது. சோறு போடற தொழிலைத்தான் பூஜையில வைப்பா,” என்றார் அப்பா.

“எட்டு வருஷம் அடுத்தவா லெட்டரையே அடிச்சாச்சு. இனிமே இதுதான் என் தொழில்.”

“மூணு பதிப்பகத்துல வேண்டாம்னுட்டானே.”

“கல்கத்தாவுல நாலாவது ஒண்ணு இல்லாமலா போயிடும்.”

அப்பா கற்பூரத் தட்டைப் பிரஷ்களுக்குக் காட்டாமலே கீழே வைத்தார். விசாலம் அதை எடுத்துத் தானே காட்டினாள்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்துக் கொஞ்சமாவது வேலை செய்தாக வேண்டும் என்பது அப்பா ஒரு வருஷமும் விட்டுக்கொடுக்காத வழக்கம். டைப்ரைட்டரின் மூடிமேல் காகிதத்தை விரித்து விசாலம் வரைந்துகொண்டிருந்தாள்.

“நல்ல நாளும் அதுவுமா நாலு வரியாவது டைப் அடிம்மா,” என்றார் அப்பா.

விசாலம் நிமிரவில்லை. “அது பூஜையில இல்லையேப்பா,” என்றாள்.