கேசட் முடிந்த பிறகு

கேசட் முடிந்து டேப் ரிக்கார்டர் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. சங்கிலிமுத்து நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். துணி மடிக்க வந்த சோலையம்மாள் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு, "என்னங்க" என்றாள். இரண்டாவது முறை சத்தமாகவே கூப்பிட்டாள். தாளம் நிற்கவில்லை. கையிலிருந்த சேலையைக் கட்டிலில் போட்டுவிட்டு அவன் எதிரே போய்த் தோளைத் தொட்டாள்.

கண்ணைத் திறந்தவன், அவள் முகத்தைப் பார்த்தான், டேப்பைப் பார்த்தான். சக்கரம் சுற்றவில்லை. வசமாக மாட்டிக்கொண்டோம் என்று புரிந்தது.

"எம்புட்டு நாளா காது இப்படி இருக்கு?"

"தீவாளிக்கு முன்னயிருந்தே. மொகத்தப் பாத்துப் பேசுனா தெரியும். மத்தபடி ஒண்ணும் கேக்கல."

கூப்பிட்டால் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன் என்று அவள் திட்டாத நாளில்லை. அத்தனை திட்டும் வீணாகப் போயிருக்கிறது. அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

மைதானத்தின் இடது ஓரத்தில் ஓடிய ஓட்டம்தான் அவனுக்குச் சோறு போட்டது. எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனி முதலாளி ரத்தினசாமிக்குக் கால்பந்துக் கிறுக்கு. ஆமத்தூரில் இவன் ஆடியதைப் பார்த்துவிட்டு மறுநாளே கம்பெனி டீமில் சேர்த்துக்கொண்டார். முழங்கால் போகிறவரை ஆடினான். அப்புறம், வெளியூர் ஏஜெண்டுகள் ஆர்டர் கொடுக்க வரும்போது பொட்டலில் நின்று சாம்பிள் வெடித்துக் காட்டும் வேலை. காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று சொல்லத்தான் செய்தார்கள். மூக்கில் பூட்ஸ் பட்டு உடைந்தபோதுகூட ஆட்டத்தை விட்டு வெளியே வராதவன், வெடிச்சத்தத்துக்குப் பஞ்சு வைப்பானா? அந்த வீம்பு காதைத் தின்றுவிட்டது.

பாட்டை மட்டும் அந்த வீம்பால் தொட முடியவில்லை. விருதுநகர் ரிக்கார்டிங் சென்டரில் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பதிந்து வாங்கிய சினிமாப் பாட்டுகள் அவை. ஆட்டத்துக்குப் போகும் வேனில் டீமே தகரத்தைத் தட்டித் தட்டிப் பாடியவை. எந்தப் பாட்டுக்குப் பின் எது, எந்த இடத்தில் வயலின் ஏறும் என்பதெல்லாம் மண்டைக்குள் பத்திரமாக இருந்தன. சக்கரம் சுற்றுவதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் போதும்.

"அப்ப ஞாயித்துக்கெழம ஆட்டத்துக்குப் போகாதீக," என்றாள். பொங்கலுக்குக் கம்பெனியின் பழைய ஆட்டக்காரர்களும் இப்போதைய டீமும் மோதும் ஆட்டம். "விசிலு கேக்காம ஓடி, ஊரே சிரிக்கணுமா?"

"மத்தவன் நின்னா நானும் நின்னுட்டுப் போறேன்."

"எல்லாருக்கும் முன்னால நீங்க ஓடுனா?"

இடது ஓரத்துக்காரன் வேலையே அதுதான். கேசட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, "நான் ஆடத்தான் போறேன்" என்றான்.

ஞாயிறன்று முதல் பாதியை ஆட்களின் தோளைப் பார்த்தே ஓட்டிவிட்டான். வரமாட்டேன் என்ற சோலையம்மாள் கூட்டத்தில் நகத்தைக் கடித்தபடி நின்றாள். பின்பாதியில் பழைய கூட்டாளி காமராஜ் நடுவிலிருந்து தூக்கிப் போட்ட பந்து, அவன் காலுக்கு முன்னால் வந்து விழுந்தது. முழங்கால் வலித்தது. ஓடினான். இரண்டு பக்கமும் ஒருவனும் இல்லை. எதிரே கோல்கீப்பர் எழில் மட்டும், ஆஃப்சைடு கேட்டு ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, இவனுக்குப் பின்னால் ரெஃப்ரியைப் பார்த்து எதையோ கத்திக்கொண்டிருந்தான்.

விசில் அடித்துவிட்டார்களோ? திரும்பிப் பார்த்தால் பந்து போய்விடும். திரும்பாவிட்டால், எல்லோரும் நின்ற பிறகும் தனியே ஓடும் கிறுக்கன். பயமாகத்தான் இருந்தது. திரும்பக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இடதுகாலால் ஓங்கி அடித்தான்.

தூக்கிய கையைப் போட்டுவிட்டு எழில் பாய்ந்தான். உடம்பு முழுவதையும் நீட்டி, செம்மண்ணில் நெஞ்சு தேய விழுந்தான். விசில் அடித்திருந்தால் எவனும் அப்படி விழமாட்டான். பந்து எங்கே போனது என்று சங்கிலிமுத்து பார்க்கவில்லை. புழுதிக்குள் கிடந்தவனையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.